இல்லாத சுண்டுவிரல்

கிரேக்கத் தீவான தாசோஸின் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவர் அர்கிரிஸ். கோடையில் அகழ்வாய்வு தொடங்கிவிட்டால், மண்ணிலிருந்து வரும் பளிங்குத் துண்டுகளை வரைந்து கொடுப்பதும் அவர்தான். மூக்கில்லாத முகம், முழங்காலோடு நின்றுபோன கால், எதுவானாலும் அவர் பென்சிலுக்கு அடங்கிவிடும். அந்த வேலையில் சட்டம் ஒன்றே ஒன்று. கல்லில் இருப்பதை முழுக்கோட்டில் போட வேண்டும், ஊகத்தைப் புள்ளிக்கோட்டில். இதை மீறும் கத்துக்குட்டிகளை அவரே கிழித்துத் தொங்கவிடுவார்.

போன கோடையில் ஒரு பெண் சிலையின் கை கிடைத்தது. சுண்டுவிரல் அடியோடு உடைந்திருந்தது. வரைந்துகொண்டே போனவருக்குப் பென்சிலை நிறுத்தத் தோன்றவில்லை. நிமிர்ந்து பார்த்தால், தாளில் வளைந்த சுண்டுவிரல் ஒன்று முழுக்கோட்டில் இருந்தது. அது அவர் மனைவி வாசிலோவின் விரல். பன்னிரண்டு வயதில் எண்ணெய் ஆலைக் கதவில் நசுங்கியது. அன்றிலிருந்து அந்தக் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டேதான் அவள் வளைய வருகிறாள். அவர் உடனே அழித்திருக்க வேண்டும். அழகாக வந்திருந்தது, மனசு வரவில்லை.

அகழ்வாய்வுத் தலைவி அஸ்பாசியா குளிர்காலத்தில் ஏதென்ஸில் உட்கார்ந்து கட்டுரை எழுதினார். கல் இங்கே பெட்டியில் கிடந்தது. அர்கிரிஸ் வரைந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று படத்தை மட்டும் நம்பினார். சிற்பி உயிருள்ள ஒரு பெண்ணைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான், வளைந்த விரலே அதற்குச் சாட்சி என்று முடித்தார். படம் பெரிதாகி ஊர் அருங்காட்சியக வாசலில் தொங்கியது.

காப்பிக் கடையில் ஒரே கேலி. "ஏய் அர்கிரி, ஒம் பொண்டாட்டிக்கு ரெண்டாயிரத்து ஐநூறு வயசாமே! எங்ககிட்ட சொல்லவே இல்லியே?"

வாசிலோ காறித் துப்புவாள் என்று பயந்தார். அவளோ ஞாயிற்றுக்கிழமை கையை வெளியே வீசிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தாள்.

"பாத்தியாடி, அந்தக் காலத்துலயே ஒருத்திக்கு என்ன மாதிரியே இருந்திருக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரியிடம். "எம் புருஷன் கல்லுல இல்லாதத வரைய மாட்டாரு."

அர்கிரிஸ் தலை குனிந்துகொண்டார். மெழுகுவத்தி ஏற்றக்கூடக் கூசியது.

ஜூனில் அஸ்பாசியா வந்து இறங்கினார். "நாளைக்கு அந்தப் பெட்டியத் திறக்கணும் அர்கிரி. விரலப் பாக்கவே பதினாலு ஆராய்ச்சிக்காரங்க வர்றாங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளை பதினாலு பேர் முன்னால் இந்த அம்மாள் அவமானப்பட்டு நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் வாசிலோ.

"அம்மா, கல்லுல அந்த விரலே இல்ல. நானாப் போட்டது."

அஸ்பாசியா பெட்டியைத் திறந்து, உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "பதினோரு வருஷத்துல உங்க கோட்ட நான் ஒரு தடவகூட சரிபார்த்ததில்ல," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம். மத்தியானத்துக்குள் படத்தை இறக்கிவிட்டு, விரல் வரைந்தவரின் கற்பனை என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

வீட்டில் வாசிலோ திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அர்கிரிஸ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை.

"அப்ப அந்தக் கல்லுப் பொண்ணோட விரலு?"

"தெரியாது. உடஞ்சு போச்சு."

"அப்ப நான் ஒருத்திதான்," என்றாள் வாசிலோ. கையைத் துடைத்து ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டாள். மீதி இலைகளை ஒற்றைக் கையாலேயே சுருட்டினாள்.