வீட்டுக்கு வீடு முறை வைத்த இன்டர்நெட்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு அக்கரையில், தண்ணீர் சூழ்ந்த மீனவக் குப்பம் எங்களுடையது. கேபிள் வயர் அங்கே வராது; செல்போனில் இன்டர்நெட் வராத காலம் வேறு. டிவிக்கு டிஷ் வைப்பதா, கம்பியில்லாமலே இன்டர்நெட் தரும் ஆன்டெனா வைத்த வீட்டு போன் வாங்குவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் சேர விரும்பிய கல்லூரி ஆன்லைனில்தான் விண்ணப்பம் வாங்கியது. பேசிப் பேசியே டிஷ்ஷைக் கைவிட வைத்தேன்.

ஆனால் தீவுக்கே ஒரு போன் இணைப்புதான் கிடைத்தது. கழிமுகத்தில் வலை போட வீட்டுக்கு ஒரு நாள் முறை உண்டு. அதைப் பாடு என்போம். ஊர்க் கூட்டம் போனுக்கும் பாடு வைத்துவிட்டது. கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்.

எங்கள் பாடு வருவதற்குள் கடைசித் தேதி வந்துவிட்டது. அன்று போன் பக்கத்து வீட்டு மாமாவிடம் இருந்தது. காற்று பலமாக அடித்ததால் எண்ணூர் பிரவுசிங் சென்டருக்குப் போகப் படகும் இல்லை.

“மாமா, கம்ப்யூட்டர இங்கயே தூக்கினு வரேன். பத்து நிமிசம் போதும்.”

“எங்க வச்சு தட்னாலும் அது என் பாட்டுல நீ வலை போட்ற மாதிரிதாண்டா. இன்னிக்கி வுட்டா, நாளைக்கி தண்ணிலயும் என் பாட்ட உன் நைனா கேப்பாரு.”

என் பக்கம் பேசுவார் என்று, கூட வந்திருந்த அப்பாவைப் பார்த்தேன்.

“அவரு சொல்றது ஞாயந்தாண்டா. வா, வூட்டுக்குப் போலாம்.”

எங்கள் பாடு வந்தபோது இணைப்பு உடனே கிடைத்தது. விண்ணப்பிக்கும் நாள் முடிந்துவிட்டது என்று காட்டிய பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.