அம்மன் பெயர்க்காரிகள்

தேனியில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். புரோகிராமில் மற்றவர்கள் செய்யும் மாற்றங்களை வாசித்து, சரியாக இருந்தால் சம்மதம் கொடுப்பது என் பொறுப்பு. ரத்தப் பரிசோதனை லேப்களுக்கான மென்பொருள். என் அம்மா மாதாமாதம் போகும் லேபிலும் அதுதான் ஓடுகிறது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அம்மாவின் சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தயாராவதால் தாமதமாகிறது என்று லேப்காரர்கள் புகார் செய்திருந்தார்கள். அதற்காக ஒரு மாற்றம் வந்தது. ஒரே நேரத்தில் எத்தனை ரிப்போர்ட் ஓட வேண்டும் என்பதை அவர்களே செட்டிங்கில் வைத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் முடியும்வரை நோயாளியின் பெயரில் ஒரு தற்காலிக ஃபைலில் கிடந்தது. ஒரே பெயர்க்காரர்கள் இருவருடையது சேர்ந்து ஓடினால், ஒருவருடைய அளவு மற்றவர் தாளில் ஏறிவிடும். பெயருக்குப் பதில் ரத்தக் குப்பியில் ஒட்டும் நம்பரை வையுங்கள் என்று எழுதினேன்.

சென்னையிலிருக்கும் டீம் லீடர் பதில் போட்டார்: “ஒரே பெயர், அதுவும் ஒரே நேரத்துலயா? நடக்காத விஷயம். பயந்தா செட்டிங்கை ஒண்ணுலயே வெச்சுக்கட்டும். அப்ரூவ் பண்ணுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளத்தைத் தோண்டிவிட்டு, வேண்டாதவன் ஒதுங்கிப் போகட்டும் என்கிற பேச்சு. அங்கே பள்ளம் இருப்பதே லேப்காரருக்குத் தெரியாதே. நான் சம்மதம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவுடன் லேபில் உட்கார்ந்திருந்தபோது டீம் லீடர் போன் செய்தார். “ஏங்க சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரத்தம் எடுக்கும் பெண் வெளியே வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். வீரபாண்டி அம்மனின் பெயர். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அதுதான் பெயர்.

“நாந்தேன்.”

“இந்தா வாரேன்.”

“எந்த ஊருக்காரியத் தாயி கூப்பிடுற?”

மூன்று பெண்களோடு, அதே பெயர்க்காரியான அம்மாவும் எழுந்துவிட்டாள்.

“கேட்டுச்சா?” என்றேன் போனில்.

“கேட்டுச்சு. சரி, நம்பரையே வைக்கச் சொல்றேன்.”

அதற்கும் கோபம்தான் வந்தது. விளக்கி எழுதியபோது நம்பவில்லை. வெறும் வயிற்றோடு வந்த பெண்கள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

மாற்றம் இன்னும் லேபுக்குப் போகாததால் ரிப்போர்ட் வர மதியமாகிவிட்டது. “ஏன்டி இம்புட்டு நேரம்?” என்று அம்மா சடைத்துக்கொண்டாள். சர்க்கரை கூடியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கூடியது அம்மாவின் சர்க்கரைதான்.