ஓரகத்தியின் கடையில் ஒரு குறை

சாயம் வெளுத்த மெரூன் நிறப் பனியன் ஒன்று வாலிபால் வலையில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி இல்லை, ஓரம் சுருண்டிருந்தது, பின்னால் செம்மண் மைதானம். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, தொடங்கிய இணையக் கடையை என் போனில் முதன்முதலாகத் திறந்தபோது தெரிந்த படம் அது. அந்தக் காலத்து விளையாட்டு அணிகள் போட்டுக்கொண்ட மாதிரிப் பனியன்களை இப்போது புதிதாகத் தைத்து விற்கிறாள். இஸ்திரி போடக்கூட ஆள் இல்லையா என்று முதலில் நினைத்தேன். அடுத்து எதுவும் நினைப்பதற்குள் விரல் தானாகக் கீழே இழுத்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் போனை வைத்தேன். வயிறும் தீய்ந்துதான் போயிருந்தது.

எங்கள் வீட்டுக்காரரும் பனியன்தான் தைத்து விற்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் ‘தரம் நிச்சயம், விலை குறைவு’ என்று சிவப்பு எழுத்து மின்னும். துணி எங்கே என்று தேட வேண்டும். அவள் பக்கத்தில் எதுவும் மின்னவில்லை. பழுப்பேறிய காகிதத்தின் நிறம். ஊர் கிளப் போர்டில் கையால் எழுதின மாதிரி எழுத்து. அளவு சொல்லும் இடத்தில்கூட, ‘அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி தொளதொளவென்று இருக்கும்’ என்று ஒரு வரி. ஒவ்வொரு பனியனையும் முதலில் கழுத்து, பிறகு தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு, கடைசியில் உள்பக்கம் திருப்பி என்று வரிசையாகக் காட்டியிருந்தாள். வாங்க வந்தவர் கையிலேயே துணியைக் கொடுத்த மாதிரி இருந்தது. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அது தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வரிசை. நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே மேஜையில் நின்று பழகியது. எனக்கும் தெரிந்ததுதானே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

நான் எட்டாவதோடு படிப்பை விட்டு வேலைக்கு வந்தவள். அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு எனக்குப் பின்னால் சேர்ந்தவள். வேகத்தில் என் பக்கத்தில் வர முடியாது. ஒரு பீஸைக் கையில் எடுத்தால் தடவுவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், மறுபடி தடவுவாள். “ஏம்மா, பீஸைப் பாருன்னா பொண்ணு பாக்கற மாதிரி பாத்துட்டிருக்கறே?” என்று சூப்பர்வைசர் கேட்பார். மேஜையே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. கொழுந்தனுக்குப் பேசி முடித்ததே நான்தான். அன்று திட்டு வாங்கிய அந்த நிதானத்தைத்தான் இன்று ஊரெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறது.

எங்கள் தையல் யூனிட்டில் ஆர்டர் குறைந்து பாதி மெஷின்கள் மூடிக் கிடந்தன. “அவகிட்டயே தைக்கறதுக்கு ஆர்டர் கேட்டுப் பாக்கலாமா?” என்றார் வீட்டுக்காரர். நான் கூட்டிவந்தவளிடம் நானே போய் வேலைக்கு நிற்பதா? வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. அவள் சரக்கில் ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், அவரை நிறுத்திவிடலாம்.

பக்கத்து வீட்டு டீச்சரைக் கெஞ்சி, அவர் பெயரில், அவர் வேலை பார்க்கும் அவிநாசிப் பள்ளிக்கூடத்து முகவரிக்கு ஒரு பனியன் வரவழைத்தேன். வந்து சேரும்வரை கவலைதான். டீச்சர் யாரிடமாவது உளறிவிடுவாரோ, கொழுந்தன் அந்தப் பக்கம் போவாரோ, கொண்டுவருகிற பையன் எங்களுக்குத் தெரிந்தவனாக இருப்பானோ. வந்ததும் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். கைக்குழியில் இரண்டு தையல் விட்டுப்போயிருந்தது. பனியனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்க் காட்டினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இதுக்கா இந்தக் குதி குதிக்கறே? நம்மளுதுல இல்லாததா?” என்றார். ஆத்திரத்தில் டீச்சர் பெயரிலேயே அதைத் திருப்பி அனுப்பினேன்.

அந்த வாரமே ஓரகத்தி போன் செய்தாள்.

“அக்கா, டீச்சர் சௌக்கியமுங்களா?”

“எந்த டீச்சர்?”

“குறைக்குக் கீழ அம்பு ஒட்டற டீச்சருங்க.”

செக்கிங்கில் குறை இருக்கும் இடத்தைக் காட்டச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். எல்லோரும் குறைக்கு மேலே ஒட்டுவார்கள். நான் மட்டும் கீழே ஒட்டி மேல்நோக்கிக் காட்டுவேன். கைப்பழக்கத்தில் அதையும் ஒட்டியே அனுப்பியிருக்கிறேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“எங்க ஆளுங்க கண்ணுக்குத் தப்பிருச்சுங்கக்கா. நீங்க இருந்திருந்தா தப்பியிருக்காது. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க. உங்க மெஷின்ல தைக்கறதப் பத்திப் பேசலாமுங்க” என்றாள். திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

போனோம். காபி கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். கடுகு நிறத்தில் ஒரு கபடிப் பனியன். “இன்னும் வெளிய விடலீங்கக்கா. உங்க கண்ணுல ஏதாச்சும் படுதான்னு பாருங்க.” கழுத்து, தோள், கை என்று படங்கள் ஒவ்வொன்றாக ஏறின. கண்ணாடித் திரைதான், ஆனாலும் என் விரல் நுனியில் துணி தட்டுப்பட்டது. வீட்டுக்காரர் காபியைக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தாவது கோணியிருக்குமா, ஒரு படமாவது மங்கியிருக்குமா என்று தேடினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. உள்பக்கம் திருப்பிய கடைசிப் படமும் வந்து நின்றது.

“எப்படீங்கக்கா இருக்குது?”

“துணிய அனுப்பு, தைக்கறோம்” என்றேன். வீட்டுக்காரர் ஒரே மடக்கில் காபியைக் குடித்தார். அவள் கம்ப்யூட்டரை மூடப் போனாள்.

“இரு இரு” என்றேன். “இன்னொருக்கா கழுத்துல இருந்து காட்டு.”