வராத லைனர்

காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் விளிம்பில் ஒரு கோடு, அதற்கு நேரே இன்ஜின் பிளாக்கில் ஒரு கோடு இழுப்பார். எந்தக் குழியில் எந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தது என்பதற்கு அடையாளம். பிறகுதான் அதைப் பிடித்து இழுக்கும் புல்லரைத் தொடுவார். பட்டறைத் தெருவில் அவருக்குச் சாக்பீஸ் என்றே பெயர். சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது ஞாபகம் இருக்குமோ என்னவோ. எதிரே லேத் ஓட்டும் எனக்குத் தெரியாது.

ஆள் குட்டை. தோள் இரண்டு ஆளுக்குக் காணும். துடைக்கத் துணி தொங்கினாலும் கையைச் சட்டையில்தான் துடைப்பார். மனிதர்கள் எல்லாரும் அவருக்கு 'டேய்'. மரியாதையெல்லாம் இன்ஜினுக்குத்தான். "வாங்க, மெதுவா வாங்க" என்றுதான் லைனரை இழுப்பார்.

நேற்று மேஜைமேல் கிடந்தது அவருடைய சொந்த இன்ஜின். பழசாக வாங்கியது. மச்சினன் கூலிக்கு வண்டி ஓட்டியது போதும் என்று வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறான். இது எழுந்தால்தான் இருவருக்கும் லாரி.

ஐந்து லைனர் வந்துவிட்டது. ஆறாவது துருவில் இறுகிப்போய் அசையவில்லை.

"மாமா, அஞ்சும் பளிங்காட்டம் இருக்கு. இது ஒண்ணை விட்டுத் தொலைங்களேன்."

"வராதவர்தான்டா எதையோ ஒளிச்சு வெச்சிருக்கார்."

மச்சினன் சுத்தியலைத் தூக்கினான்.

"அடி. இல்லாத விரிசலை நீயே பெத்துக் குடு."

சுத்தியல் கீழே போனது. எண்ணெய் விட்டார், காத்திருந்தார், புல்லர் நட்டைக் கொஞ்சம் திருகினார். மறுபடி எண்ணெய், மறுபடி திருகல். சாப்பாடு ஆறியது. மச்சினன் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தான். பொழுது சாயும் நேரத்தில் உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். "வந்துட்டீங்களா!" என்றார்.

லைனரைச் சுற்றித்தான் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரைத் தாங்கும் பிளாக் சுவரில் மயிரிழை விரிசல் விட்டாலும் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். துருச்சேற்றைச் சுரண்டி, சுவரின் உட்புறம் மண்ணெண்ணெய் தடவினார். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். உள்ளே விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரமாகத் தெரியும்.

தெரிந்தது. நூல் மாதிரி, விரல் நீளத்துக்கு.

மச்சினன் கட்டைவிரலால் அழித்தான். "என் கை ஈரம் பட்டிருக்கும், மாமா."

அவர் அந்த இடத்தைத் துடைத்து மறுபடி வெள்ளையாக்கினார். அதே இடத்தில் அதே நூல்.

"போச்சா?" என்றான் மச்சினன். "அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஏன்டா இழவு வீடு மாதிரி நிக்கிற? கை எட்டுற இடத்துலதான இருக்கு. ரெண்டு முனையிலயும் துளை போட்டா விரிசல் மேல ஓடாது. அப்புறம் வரிசையா ஆணி இறக்கித் தைச்சுக்கலாம்."

குனிந்து, கண்ணை இடுக்கி, ஈரக் கோட்டின் இந்த முனையில் ஒரு புள்ளி வைத்தார், அந்த முனையில் ஒரு புள்ளி. சாக்பீஸைக் காதில் செருகினார். பிளாக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே, டிரில் மிஷினுக்காகக் கையைப் பின்னால் நீட்டினார்.