மேல்வீட்டு மனிசியின் வேதப் புத்தகம்

நோர்வேயில், குரோருட்டில் நாங்கள் இருந்த மாடிவீட்டில் எங்களுக்கு மேலே ஒரு நோர்வேக்கார மனிசி தனிய இருந்தவ. எனக்கு அவவின் பாசை தெரியாது. படியில் கண்டால் தலையாட்டுவேன், அவவும் ஆட்டுவா. சரஸ்வதி பூசைக்குக் கொஞ்சநாள் முன்னம் அவ செத்துப்போனா. பிள்ளைகள் வந்து வீட்டை ஒதுக்கினார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் பழைய பேப்பர் போடக் கீழே போனேன். கடதாசித் தொட்டிக்குள், பீட்சாப் பெட்டிக்கு மேலே, தடிச்ச தோல் அட்டைப் புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையில் சிலுவை, ஓரத்தில் பித்தளைக் கொளுக்கி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் அது சாமிப் புத்தகம் என்று விளங்கினது. யாருடைய சாமியாக இருந்தால் என்ன, குப்பைக்குள் விட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனேன். உள்ளே அலுமாரி இழுக்கிற சத்தம். மணியை அமத்தக் கை வரவில்லை. என்ன சொல்லிக் குடுக்கிறது? திரும்பி வந்துவிட்டேன்.

மருமகள் பேசினாள். "மாமி, செத்த வீட்டுச் சாமான். அதுவும் குப்பைக்கை கிடந்தது. ஏன் உள்ளுக்கை கொண்டந்தனீங்கள்?"

மகன் சிரித்தான். "விடுமப்பா, அம்மா வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போகப்போறா. இனி ஞாயிற்றுக்கிழமை நீர்தான் சமைக்கோணும்."

துணியால் துடைத்துச் சுவரில் இருந்த சாமித் தட்டில், படங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பூசை வந்தது. பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பதிகப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைக்கும்போது அதை மட்டும் தள்ளிவைக்க முடியவில்லை. அதற்கும் நடு அட்டையில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன்.

பூசை முடிந்த அடுத்த கிழமை வாசல் மணி அடித்தது. தலை நரைச்ச ஒரு நோர்வேக்காரர் நின்றார். மருமகள்தான் கதைத்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"மேல்வீட்டு மனிசியின்ரை மகனாம். வீடு ஒதுக்கேக்கை தங்கச்சிக்காரி தெரியாமல் ஒரு புத்தகத்தை எறிஞ்சுபோட்டாவாம். பூட்டன்ரை காலத்திலையிருந்து வீட்டிலை இருந்ததாம். ஒவ்வொரு கதவாய்க் கேட்டுக்கொண்டு வாறாராம்." பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தபடியே என்னிடம் தமிழில் கேட்டாள்: "குங்குமத்தைக் கண்டால் என்ன நினைப்பாரோ தெரியாது. இல்லையெண்டு சொல்லட்டோ?"

எனக்கும் பயம்தான். ஆனால் இல்லையென்றால் அந்த மனுசர் அடுத்த கதவுக்குப் போவார், அதற்கடுத்த கதவுக்கும் போவார். உள்ளே போய் எடுத்தேன். சேலைத் தலைப்பால் தேய்த்தேன். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் தோலில் ஊறிவிட்டது, போகவில்லை. அப்படியே கொண்டுவந்து குடுத்தேன்.

அவர் கொளுக்கியைக் கழற்றி முதல் தாளைத் திறந்தார். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பேர்கள். கடைசிப் பேர் தாயின் கையெழுத்துப்போல, அதை விரலால் தடவினார். கண் கலங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மூடும்போதுதான் சிவப்பைக் கண்டார். மருமகள் தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, சாமித் தட்டையும் காட்டிக் கனநேரம் விளங்கப்படுத்தினாள். அவர் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு "தக்" என்றார். அந்த நன்றி மட்டும்தான் எனக்கு விளங்கினது.

கதவு சாத்தினதும் கேட்டேன். "என்ன சொன்னவர்?"

"விடுங்கோ மாமி."

"சொல்லு பிள்ளை."

"நீங்கள் நல்ல மனதோடைதான் செய்தனீங்கள் எண்டு தெரியுமாம். ஆனால் தாய் தன்ரை வேதத்திலை சரியான கட்டுப்பாடாம். வேறை சாமிக்கு முன்னாலை வைச்சது அறிஞ்சால் நல்லாய் மனம் நொந்திருப்பாவாம்."

அன்று பின்னேரம் விளக்கு வைக்கப் போனேன். பிழை பொறுக்கச் சொல்லி யாரிடம் கேட்கிறது, எங்கள் சாமியிடமோ, அவவின் சாமியிடமோ? நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மருமகள்தான் வந்து விளக்கை ஏற்றினாள்.