டப்பாவுக்குள் பஞ்சு

அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். வெளியில் எங்கே பார்த்தாலும் தெரியாத ஆள் மாதிரிப் போய்விட வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிற வரிசையில் பழகிய இரண்டு பேரிடம், "எப்படிப் பழக்கம்?" என்று எவராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

எனக்கு அது செத்துப்போன புருஷன் விட்டுப்போன சொத்து. மாத்திரை வரிசையில் எனக்குப் பழக்கமான அவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பஸ்ஸில் போகும்போது மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க உள்ளே பஞ்சு அடைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எங்கள் காதல் அந்தப் பஞ்சில்தான் தொடங்கியது, சிரிக்காதீர்கள்.

ஒரு தடவை பழைய பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டார். போனில் பிடிபிடியென்று பிடித்தேன். "சரிளா, இனி செத்தாலும் உன்னத் தெரியாது, போதுமா?" என்று சிரித்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் சொல்லத்தான் இருவருக்கும் தைரியம் வரவில்லை.

போன மாதம் லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. போனும் நொறுங்கிவிட்டது. காலில் கட்டுப் போட்டதும் அவருடைய அக்காள் பெரியதாழையிலிருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள் என்று லாரி ஆபீஸில் சொன்னார்கள். அக்காள் போனிலிருந்து என்னைக் கூப்பிட மாட்டார். அதுவும் என் சட்டம்தான். அவருடைய அறைச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. போய்ப் பார்த்தால், மாத்திரை டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஐந்து நாள்! ஒரு வேளைகூடத் தவறக்கூடாத மாத்திரை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஏறினேன். 'லாரி ஆபீஸிலிருந்து வருகிறேன், அவர் சாமானைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.' வழிநெடுக இந்தப் பொய்யை மனப்பாடம் செய்தேன். கோயிலுக்கு எதிர்த்தெரு, நீலக் கதவு என்று எப்போதோ அவர் சொன்ன அடையாளம் போதுமானதாக இருந்தது.

வாசலில் அக்காள். "யாரும்மா, யாரு வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. உடனே திரும்பிக்கொண்டார். "வீடு மாறி வந்திருப்பாவ அக்கா. எனக்குத் தெரியாது."

அடப்பாவி மனுஷா! கொஞ்சிக் குலாவவா வந்தேன்? மாத்திரை கொண்டு வந்திருக்கிறேனே! ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்தவள்தான் நான். தெரியாது என்று அவர் சொன்னபிறகு என் ஆபீஸ் பொய்யும் உதவாது. "ஆமா, வீடு மாறிட்டேன்" என்றேன்.

அக்காள் நல்லவள். வெயிலில் வந்திருக்கிறேன் என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். பஸ் நிற்கும் இடத்தையும் காட்டினாள். செம்பை வாங்குவதற்காகப் பையைத் தோள் மாற்றினேன். உள்ளே டப்பா உருண்டது, சத்தமே இல்லை. அந்தப் பஞ்சு மட்டும் இல்லையென்றால், நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குக் கேட்டிருக்கும்.