மாப்பிள்ளை வாட்ச்சில் கடைக்காரர் பேர்

போன வாரம் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு வாட்ச்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஜெரால்டு, ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். நல்ல பையன். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடணுமே, என்ன வாங்கலாம் என்று ஜெசிந்தா யோசனை கேட்டாள். நான்தான் பெரிய மேதாவியாச்சே! உங்க அப்பா கொழும்பில் வாங்கின வாட்ச் பீரோவில் சும்மாதானே கிடக்கு, அதைப் போடு, எந்தப் புது வாட்ச்சுக்கு அந்த மதிப்பு வரும் என்றேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. சுத்தம் பண்ணி, சாவி கொடுத்து, அதையே போட்டாள்.

மாப்பிள்ளையின் அத்தை, அவர் கையைப் பிடித்து டயலை உற்றுப் பார்த்தார். கம்பெனி பேர் இல்லை. ஒரு கடையின் பேர், அதற்குக் கீழே 'கொழும்பு'. அவ்வளவுதான். நிறைந்த சபையில் கேட்டார்:

"இது எந்தக் கடையில இனாமாக் குடுத்தது?"

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் கடைப் பேர் போட்டு வருவது எது? மஞ்சப்பை, காலண்டர், நகைச்சீட்டு கட்டி முடித்தால் தருகிற சுவர்க் கடிகாரம்... எல்லாமே ஓசி. அப்படி நினைத்தது தப்பில்லை. அதை ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டதுதான் அநியாயம். ஜெசிந்தா முகம் செத்துப்போச்சு.

அதோடு போனும் நின்றது. மூன்று நாள்... நாலு நாள்... மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பொண்ணாவது பையனைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்களா? அவள் தாத்தா வாட்ச்சாச்சே, அவளுக்கு ரோஷம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும் — இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் அறிவிப்பார்களே, அது. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பங்குச் சாமியாரிடம் வந்து கையெழுத்துப் போடணும். வருவார்களா?

ஜெசிந்தா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்பா பேரைக் கெடுத்திட்டேனோக்கா" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்தாம் நாள் நானே ஜெரால்டுக்குப் போன் போட்டேன். வாட்ச் ஸ்ட்ராப் பழசு, மாத்திரலாம், கொண்டு வாங்க தம்பி என்று ஒரு புளுகு. ஷிப்ட் முடிந்து நேரே வந்துவிட்டார். கையில் அதே வாட்ச்.

மார்க்கெட் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் அண்ணாச்சி இருக்கிறார், அவர் கடைக்குக் கூட்டிப் போனேன். ஜெரால்டு பைக்கை நிறுத்தப் போன கேப்பில் அவர் காதைக் கடித்தேன் — அந்த டயலில் நல்ல கம்பெனி பேரா ஒண்ணு எழுதித் தர முடியுமா? (ஆமாம், இதுவும் என் யோசனைதான்.) அண்ணாச்சி கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பையன் வந்ததும் வாட்ச்சை வாங்கிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே மிஷினில் பொடி எழுத்தில் ஒரு ஸ்விஸ் கம்பெனி பேர், கூடவே பதினேழு ஜுவல் (மிஷின் தேயாமல் ஓட வைக்கிற கல்) என்று. அந்தக் காலத்தில் பெரிய கடைக்காரர்கள் ஸ்விஸ் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்து, டயலில் தங்கள் பேரைப் போட்டு வாங்கி விற்பார்களாம். இன்டர்நெட்டில் சொல்கிற மாதிரி லட்சமெல்லாம் போகாதாம். ஆனால் ஷோரூமில் வாங்குகிற நல்ல வாட்ச் எதற்கும் குறைந்ததில்லையாம். அதுவும் டயலில் யாரும் கைவைக்காததால்தான் அந்த மதிப்பு. புதுசாக எழுதியிருந்தால் பாதி போயிருக்கும் என்று சொல்லி, மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"கடைக்காரன் தன் பேரையே போடுதான்னா யோசிச்சுப் பாருங்க. வாட்ச் நின்னுபோச்சுன்னா ஜனங்க அவன் சட்டையைத்தான பிடிக்கும்?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி, இதை அப்படியே உங்க அத்தைகிட்டச் சொல்லுங்க என்றேன்.

ஜெரால்டு நெளிந்தார். "எனக்கு வாட்ச்சுல என்ன ஆன்ட்டி குறை? அத்தை அப்படிக் கேட்டப்புறம் பொண்ணு வீட்டாரு முகத்துல எப்படி முழிக்கன்னுதான் போன் பண்ணல. பொண்ணு இல்லன்னு சொல்லிருவாங்களோன்னு வீட்ல எல்லாரும் பயந்து கிடக்கோம்."

கேட்டீர்களா கதையை? இந்த வீடு அந்த வீட்டுக்குப் பயந்து, அந்த வீடு இந்த வீட்டுக்குப் பயந்து... சிரிப்பதா, அழுவதா? அங்கேயே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவள் அழுதது எனக்கே கேட்டது. அப்பாடா என்று அண்ணாச்சி கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். எனக்கு முந்தின பெஞ்சில் அத்தை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார் சாமியார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை — இதைவிடப் பெரிய மொய் எங்களால் வைக்க முடியாது!